சனிக்கிழமை ராத்திரி ஆள் தேடுவதை நிறுத்துங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம், மூன்று கிளைக் கிராமங்கள் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரம்) எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. புதுப் பங்குப் பேரவை அமைந்ததும் வழிபாட்டுக் குழுவை ஃபாதர் என் பொறுப்பில் விட்டுவிட்டார். திருவருகைக் காலத்துக்குள் (கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் வரும் காலம்) பூசையில் விவிலியம் வாசிக்கும் வாசகர்கள், நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வழங்க உதவுகிறவர்கள், பீடச் சிறுவர்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்துத் தயார் செய்யச் சொல்கிறார். இப்போது வாரம் ஒரு அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) என்று முறை வைத்து நடக்கிறது, பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் யார் வாசிப்பது என்றே முடிவாகிறது. பல வருடமாக வாசிக்கும் ஒரு பெரியவர் ராகம் போட்டு இழுக்கிறார், யாரும் சொல்ல முடியவில்லை. இளைஞர்கள் ஓசூரில் ஷிஃப்ட் வேலை. பெண்கள் நற்கருணை கொடுப்பதைச் சில பெரியவர்கள் விரும்பவில்லை. ஒருநாள் பயிற்சி முகாம் வைத்தால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். முகாம் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. நான் பல பங்குகளில் இந்தப் பயிற்சியைக் கொடுத்து வருகிறேன், தர்மபுரி பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமும், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மதியம் சாப்பாடு போட்டு நான்கு மணிக்குக் குழுப் படம் எடுத்து முடிக்கிற முகாமில் எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள், இரண்டே வாரத்தில் பழைய கதைக்குத் திரும்பிவிடுவார்கள். ஏனென்றால் முகாமில் வாசிப்பது பற்றிக் கேட்கிறார்களே ஒழிய, அவரவர் வாசிக்கப்போகிற வாசகத்தை அவரவர் நிற்கப்போகிற இடத்தில் நின்று வாசித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் தொடங்க வேண்டியது அங்கேதான். வாரம் ஒருமுறை, கோவிலுக்குள்ளேயே, மைக் போட்டு, வரும் ஞாயிறு வாசகங்களை வைத்து அரைமணி நேரம். இதை மட்டும் விடாமல் ஒரு வருடம் செய்தீர்கள் என்றால் மற்றதெல்லாம் இதைச் சுற்றி அமைந்துவிடும்.

அன்பிய முறையைக் கலைக்க வேண்டாம். அது நல்ல ஏற்பாடு, எல்லா வீட்டுக்காரர்களையும் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. கோளாறு எங்கே என்றால், முறை வருகிற அன்பியம் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸப் குழுவில் “யார் முதல் வாசகம்?” என்று கேட்கிறது, பதில் வராமல் கடைசியில் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தியைப் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? முன்பின் பார்க்காத எசாயா நூலின் வாசகத்தை மேடையில் நின்று முதன்முறையாகப் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு அன்பியத்திலும் மூன்று பேரைப் பயிற்சி பெற்ற வாசகர்களாக நிறுத்துங்கள். முறை யாருடையதாகவும் இருக்கட்டும், வாசிப்பது அந்த மூவரில் ஒருவர். பெயர்ப் பட்டியல் மாதத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், பக்கத்தில் மாற்று ஆள் பெயரும்.

அந்த அரைமணி நேரம் எப்படிப் போக வேண்டும் என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியின் முதல் வாசகம் எசாயா 9. “காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்” என்று தொடங்கும். வருபவர்களை ஒருவரையொருவர் பார்க்காமல் உட்காரச் சொல்லி, கையில் இருக்கும் தாளையும் போனையும் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் வாசிக்கட்டும், மற்றவர்கள் காதால் கேட்கட்டும், அவ்வளவுதான். அடுத்த வரியில் “சாவின் நிழல் சூழ்ந்துள்ள நாட்டில் குடியிருப்போர்மேல் சுடர் ஒளி உதித்துள்ளது” என்று வருகிறது. மூச்சு வாங்காமல் இதுவரை ஓடிவந்தவர் “குடியிருப்போர்” என்பதோடு மூச்சை விட்டுவிடுவார், அப்புறம் “மேல் சுடர் ஒளி உதித்துள்ளது” என்று தொடருவார். கேட்பவருக்கு அது மேலே எங்கோ ஒரு விளக்கு எரிகிற மாதிரி விழும். யார்மேல் ஒளி வந்தது என்பதே போய்விடும். அப்போது நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை, “என்ன கேட்டது?” என்று மட்டும் கேளுங்கள். உட்கார்ந்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். வாசித்தவர் பென்சிலால் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு மறுபடி வாசிப்பார், இந்த முறை சரியாக வரும். கோடு போடுவதற்குத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். பூசையில் வாசிப்பது வாசக நூலிலிருந்துதான், போனைப் பார்த்து வாசிக்கக் கூடாது.

அதே வாசகத்தில் நடுவே மிதியான் என்று ஒரு பெயர் வரும். அது என்ன என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. முந்நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு கிதியோன் மிதியானியரை வென்ற கதை, நீதித் தலைவர்கள் 7ஆம் அதிகாரம். அதை அங்கேயே திறந்து ஐந்து நிமிடம் வாசித்துவிட்டால், ஒடுக்கப்பட்ட மக்களின் நுகம் முறிகிற அந்த வரியை வாசிக்கும்போது குரல் தானாக மாறும். குரலை மாற்றச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. கடைசியில் பிறக்கும் குழந்தைக்கு நான்கு பெயர்கள்: வியத்தகு ஆலோசகர், வலிமைமிகு இறைவன், என்றுமுள தந்தை, அமைதியின் அரசர். நான்கையும் ரயில் மாதிரி ஓட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு பெயரும் சபையின் காதில் போய் உட்கார ஒரு விநாடி விட வேண்டும். புரிந்தவர் வாசித்தால் கேட்பவருக்குப் புரியும். இந்தப் பயிற்சியில் நான் நம்புகிற ஒரே விஷயம் இது என்றுகூடச் சொல்லலாம்.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. தூய ஆவிப் பெருவிழாவில் திருத்தூதர் பணிகள் 2ஆம் அதிகாரத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர், மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று வரிசையாக வரும். இதை யாருக்கும் முந்தின நாள் கொடுத்துவிட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள், இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். பெயர் கொஞ்சம் தப்பினாலும் நிறுத்தி “மன்னிக்கவும்” சொல்லாமல் நிதானமாகப் போகச் சொல்லுங்கள். ஓசூர், தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ழகரம், றகரம் தடுமாறும். ஊரார் முன்னால் சிரித்துத் திருத்தினால் அவர்கள் ஜென்மத்துக்கும் மேடை ஏற மாட்டார்கள். அந்த வாரத்து வாசகத்தில் அர்த்தம் மாறுகிற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துச் சரி செய்யுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

முன்னுரை விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நம் பங்குகளில் திருப்பலி முன்னுரை, முதல் வாசக முன்னுரை, இரண்டாம் வாசக முன்னுரை என்று எங்கிருந்தோ வந்த பிடிஎஃபை அப்படியே வாசிக்கிறார்கள். சில நேரம் முன்னுரை வாசகத்தைவிட நீளம். திருப்பலி நூலின் பொது விதிமுறை, இத்தகைய விளக்கம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்றும், அதைச் சொல்பவர் வாசக மேடையில் நிற்கக் கூடாது என்றும் சொல்கிறது. வாசக மேடை இறைவார்த்தைக்கான இடம். வாசகங்கள், முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல், பாஸ்கா புகழுரை (ஈஸ்டருக்கு முந்தின இரவு பாடுவது) அங்கே. மறையுரையும் விசுவாசிகள் மன்றாட்டும் அங்கே இருக்கலாம். அறிவிப்புக்கும் முன்னுரைக்கும் வேறு மைக் வையுங்கள். முன்னுரை மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், அன்பியத்தினரே எழுதட்டும். மன்றாட்டுகளும் அப்படியே. பிடிஎஃபில் உலகத் தலைவர்களுக்காக வேண்டுகிறோம், நம் ஊரில் மழை இல்லாமல் மாமரம் காய்ந்து கிடப்பதற்கு வேண்டுவதில்லை. அந்த வாரம் பங்கில் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் இறந்தார் என்பது அன்பியத்துக்குத் தெரியும், அது மன்றாட்டில் வர வேண்டும்.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாகப் பாடகர் குழு வேறு ஒரு தியானப் பாடல் பாடுகிற வழக்கம் உங்கள் பங்கில் இருந்தால் அதை நிறுத்தப் பாருங்கள். அது திருப்பாடல், இறைவார்த்தை. பல்லவியை மட்டுமாவது மக்கள் பாடட்டும்.

ராகம் போடுகிற பெரியவர். இது எல்லாப் பங்கிலும் இருக்கிற விஷயம், மரியாதையாக அணுக வேண்டிய விஷயம். வாசிக்க ஆளே இல்லாத காலத்தில் அந்தப் பெரியவர்கள்தான் நின்றார்கள். எலத்தகிரி, கோவிலூர் மாதிரிப் பழைய ஊர்களில் கேட்டுப் பாருங்கள், உபதேசியார்களும் (ஊரில் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர்கள்) இப்படிப்பட்ட பெரியவர்களும் சேர்ந்துதான் செபத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த இழுப்புக்கும் காரணம் உண்டு, மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க அப்படித்தான் வாசிக்க முடியும். ஆகவே கூட்டத்தில் பெயர் சொல்லித் திருத்தாதீர்கள், வேறு ஒருவர் மூலமாகச் சொல்லியும் அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், காப்பி சாப்பிடுங்கள், “ஐயா, வாரா வாரம் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பார்க்கிறோம், நீங்களும் வரணும்” என்று கூப்பிடுங்கள். அங்கே எல்லாருடைய வாசிப்பையும் போனில் பதிவு செய்து போட்டுக் கேட்கிற பழக்கத்தைக் கொண்டுவாருங்கள், உங்களுடையதையும் சேர்த்து. தன் குரலைத் தானே கேட்டால் சொல்ல வேண்டிய பாதியைக் காதே சொல்லிவிடும். மைக் இருப்பதால் மெதுவாகப் பேசினாலே போதும் என்பதை நீங்கள் சொல்லலாம், அது குற்றம் சொன்னதாக ஆகாது. அப்படியும் மாறாவிட்டால்? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அவர் வாசிக்கட்டும். இதற்காக ஒரு பெரியவரைப் பங்கிலிருந்து விலக்கி வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஷிஃப்ட் வேலை பார்க்கிற இளைஞர்களுக்கு வாரக் கூட்டம் சரிப்படாது. அவர்களுக்கு வாசகத்தை நீங்களோ மூத்த வாசகர் ஒருவரோ நிதானமாக வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள், அவர்கள் திரும்ப வாசித்து அனுப்பட்டும். கம்பெனி பஸ்ஸில் வருகிற நேரத்தில் கேட்டுக்கொள்வார்கள். ஞாயிறு காலை அரைமணி முன்னதாக வந்து மேடையில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மைக்கை அவரவர் உயரத்துக்குச் சரி செய்வதும், பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் அப்போதே முடிந்துவிட வேண்டும். பூசை ஆரம்பித்தபின் மைக்கைத் தட்டுவது, ஊதுவது கூடவே கூடாது.

நற்கருணைப் பணிக்கு வருவோம். பெண்கள் விஷயத்தில் பெரியவர்களுக்குச் சொல்ல உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் வந்த ஆவணத்திலேயே பெண்களும் இந்தப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டம் 230ஐத் திருத்தி, ஆயர் முறைப்படி நியமிக்கும் வாசகர், பீடப் பணியாளர் என்ற நிலையான பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். ஆகவே இது உங்கள் ஃபாதர் கொண்டுவந்த புதுப் பழக்கம் இல்லை. ஆனால் இதை நீங்கள் போய் வாதாட வேண்டாம். ஃபாதரே ஒரு ஞாயிறு மறையுரையில் விளக்கட்டும், அதன்பிறகு பணியைத் தொடங்குங்கள். முதலில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற பணியில் பெண்களை அனுப்புங்கள் என்பது என் யோசனை. படுத்த படுக்கையாக இருக்கும் தன் அம்மாவுக்கு வாரா வாரம் ஒருவர் நற்கருணை கொண்டுவந்து கொடுக்கும்போது, நேற்று எதிர்த்தவரே வாசலில் காத்திருந்து வரவேற்பார்.

ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இது சிறப்புப் பணி, அதாவது குருக்களும் திருத்தொண்டர்களும் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்கள்) போதாத இடத்தில் மட்டும். பூசைக்கு வருபவர்கள் குறைவாக இருந்து, ஃபாதர் ஒருவரே தாமதமில்லாமல் கொடுத்துவிடலாம் என்றால் மற்றவர் தேவையில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக நிற்கக் கூடாது. அதே சமயம் உங்கள் மூன்று கிளைக் கிராமங்களிலும் திருவிழா நாட்களிலும் தேவை உண்மையாகவே இருக்கிறது.

பயிற்சியில் அர்ச்சிக்கப்படாத அப்பத்தை வைத்துச் செய்துபாருங்கள். குரு நற்கருணை உட்கொண்ட பிறகுதான் பீடத்தருகே போக வேண்டும், பாத்திரத்தை அவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும், தானாக எடுக்கக் கூடாது. அப்பத்தைச் சற்று உயர்த்திக் காட்டி “கிறிஸ்துவின் உடல்” என்று எதிரே நிற்பவரைப் பார்த்துச் சொல்லி, “ஆமென்” வரும்வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். அவசரத்தில் ஆமெனுக்கு முன்பே நாக்கில் வைத்துவிடுகிறார்கள், இதைப் பலமுறை பழக்க வேண்டும். கையில் வாங்குபவர் அங்கேயே உட்கொள்கிறாரா என்று கவனிக்க வேண்டும். தவறிக் கீழே விழுந்தால் பதறாமல் குனிந்து பயபக்தியோடு எடுத்துக்கொண்டு, யாரும் மிதிக்காமல் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஃபாதரிடம் தெரிவிக்க வேண்டும். பாத்திரங்களைத் துப்புரவு செய்வது இவர்கள் வேலை இல்லை. அது குருவோ, திருத்தொண்டரோ, முறைப்படி நியமிக்கப்பட்ட பீடப் பணியாளரோ செய்வது.

வீடுகளுக்குப் போகிறவர்கள் சிறு பேழையை வாங்கியதும் நேராக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் கடையில் வண்டியை நிறுத்திக் காய்கறி வாங்குவது, நின்று ஊர்க்கதை பேசுவது எல்லாம் வேண்டாம். வீட்டில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி வைக்க முன்பே சொல்லிவிடுங்கள், டிவியை அணைக்கவும் சொல்லுங்கள். குருவுக்கு உரிய “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்ற வாழ்த்தும் கை நீட்டி ஆசீர்வதிப்பதும் இல்லை. தன்மேல் சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக என்று முடிக்க வேண்டும். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு மணி நேர உண்ணா நோன்பு கட்டாயம் இல்லை. இதைத் தெரியாமல் சர்க்கரை நோய் உள்ள பாட்டிகள் பட்டினி கிடக்கிறார்கள், தயவுசெய்து வீடு வீடாகச் சொல்லுங்கள்.

பீடச் சிறுவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். மணி எப்போது, தூபக் கலசத்தை எப்படிப் பிடிப்பது, கை கழுவத் தண்ணீரும் துண்டும் எப்போது என்பதை மூத்த பிள்ளையே இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சிறுமிகளும் உதவலாம் என்று 1994இல் உரோமையிலிருந்து விளக்கம் வந்தது, ஆனால் முடிவு அந்தந்த ஆயரிடம் விடப்பட்டிருக்கிறது, ஃபாதரிடம் கேட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, இதில் தயங்காதீர்கள்: பயிற்சியின்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாகச் சக்ரீஸ்தியில் (பூசைக்கு ஆயத்தமாகும் அறை) இருக்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது, கோவில் அதற்கு விதிவிலக்கு இல்லை. பள்ளியில் நீங்கள் கடைப்பிடிக்கிறதை இங்கேயும் கொண்டுவாருங்கள், பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் போட்டு முடித்ததும் அதை மேசையில் வைத்து, எந்தத் தெருவிலிருந்து யார் என்று பாருங்கள். நம் பங்குகளில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருவிழா முதல் வாசகம் வருடா வருடம் ஒரே குடும்பத்துக்கு, நாற்காலி அடுக்குவது மட்டும் காலனிப் பிள்ளைகளுக்கு என்று இருந்தால், நாம் கொடுக்கிற பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வழிபாடு பொய்யாகிவிடும். பெரிய நாட்களில்தான் இதைச் சரி செய்ய வேண்டும். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகங்கள் இருக்கின்றன. ஏழையும் வைத்து, மூன்று கிளைக் கிராமங்களிலிருந்தும் ஆள் வரும்படி பிரித்துக் கொடுங்கள், விடுதலைப் பயணத்தில் செங்கடலைக் கடக்கிற வாசகத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். காணிக்கைப் பவனி, வாசலில் வரவேற்பு மட்டுமல்ல, பதிலுரைப் பல்லவியை வாயால் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொண்டு சபையை முன்னின்று பாட வைக்கிற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி வேலையை வரிசைப்படுத்துங்கள். இந்த வாரம் ஃபாதரிடம் பேசி, நற்கருணைப் பணிக்கு ஆயரின் அனுமதி வாங்குவது எப்படி, எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். தர்மபுரி ஆயர் இல்லத்துக்குக் கடிதம் போய்வர நாளாகும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். அடுத்த வாரம் அன்பியங்களிடம் மும்மூன்று பெயர் கேளுங்கள், பெயர் கொடுக்குமுன் அவரவரிடம் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த வாரமே கோவிலில் உட்காருங்கள், ஆறு பேர் வந்தாலும் தொடங்குங்கள். திருவருகைக் கால முதல் ஞாயிறு புது வழிபாட்டு ஆண்டும் தொடங்குகிறது, அன்று திருப்பலியிலேயே இவர்களை முன்னால் அழைத்து ஆசீர்வதித்துப் பணியில் அமர்த்த ஃபாதரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டங்களில் எந்த வாசகத்தில் தடுமாறுகிறார்கள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள், மூச்சுக்கோடு போட்ட நகல்களை அனுப்பி வைக்கிறேன்.